சூர்யகலா அக்காவை நிஜமாவே பயமுறுத்துன புக்கு

"ஹலோ... போவுதா? செவப்பா ஓடுது, அப்ப போவுதுதான்."

சூர்யகலா அக்காவோட எல்லா வாய்ஸ் மெசேஜும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் ஒரு இருமல். அப்புறம் படிச்ச புக்கைப் போட்டு வெளுக்கிறது. 'பயந்தாங்கொள்ளிகள் சங்கம்' வாட்ஸப் குரூப்ல இருக்கிற அத்தனை பேரும் வேலையெல்லாம் விட்டுட்டு அதைக் கேப்பாங்க. ஆனா அன்னிக்கு வந்த மெசேஜ்ல இருமல் இல்ல. மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் இது:

"இந்தப் புக்கை யாரும் வாங்காதீங்க. நல்லா இல்லன்னு சொல்லல. நல்லா இருக்குது. அதான் சொல்றேன். இது கதை இல்லப்பா. இதுல வர்றவன் என் வூட்டுக்குள்ள நின்னுனு இருக்கிறான்."

குரூப்ல ஒரே நெருப்பு எமோஜி. 'செம அக்கா.' 'இதாங்க ரிவ்யூ.' 'உடனே ஆர்டர் போடுறேன்.' அந்த நேரம் அக்கா உச்சி வெயில்ல, கால்ல செருப்பு கூட இல்லாம, தார் ரோட்டோரம் நின்னுனு இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

அக்கா யாருன்னு சொல்லிட்டா இது புரியும். மரக்காணம் உப்பளத்துல வேலை. நாப்பது வயசு தாண்டியாச்சு. பொண்ணை பிரம்மதேசத்துல கட்டிக் குடுத்தாச்சு. விடியறதுக்கு முன்னாடி பாத்தியில எறங்கிடும், வெயில் ஏறுறதுக்குள்ள வீடு வந்துடும். குளிச்சு, சோறு துன்னுட்டு, பின்வாசல் வேப்பமரத்தடியில பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கும். மடியில புக்கு. அதுவும் எப்படிப்பட்ட புக்கு? பேய், கொலை, வேற கிரகம், ஒலகம் அழிஞ்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுத் துன்றது, இந்த மாதிரி.

"ஏங்க்கா, பேய்க்கதையெல்லாம் ராத்திரிதானே படிக்கணும்" னு யாராச்சும் கேட்டா போதும்.

"ராத்திரி நாய் குலைச்சாலே பயமாத்தான் இருக்கும். அதுல எழுதுனவன் சாமர்த்தியம் இன்னா இருக்குது? மட்ட மத்தியானம், பக்கத்து வூட்டு மிக்ஸி ஓடுறப்ப பயமுறுத்தட்டும். அப்ப ஒத்துக்கிறேன்."

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் கிருபா. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற பொண்ணு. மெட்ராஸ்லேர்ந்து பழைய புக்கா பார்சல்ல வரவழைச்சுப் படிக்கும், குரூப்பை நடத்துறதும் அதான். ஒரு மழைக்காலத்துல அக்கா ஆதார்ல போன் நம்பர் மாத்தப் போயிருக்குது. சர்வர் டவுன். சும்மா குந்தினு இருக்கிறதுக்கு டேபிள் மேல இருந்த புக்கை எடுத்திருக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு கிருபா வந்து, "அக்கா, உங்க வேலை முடிஞ்சிடுச்சு, கடையை மூடணும்" னு சொன்னப்ப அக்கா நிமிரவே இல்ல. "இரும்மா. இவளை இன்னும் கெணத்துல தள்ளல."

அன்னிலேர்ந்து புக்கு வாங்கினு போறது, முடிச்சதும் வாய்ஸ் மெசேஜ் போடுறது. அக்காவுக்குப் புக்குப் பேரே ஞாபகம் இருக்காது. எழுதுனவங்க பேரும் இருக்காது. அதுல இன்னா நடந்துச்சோ அதான் பேரு.

லிஃப்ட் புக்கு. பதினாலாவது மாடியில பேய். "ஏம்பா, லிஃப்ட்ல பேய் இருக்குதுன்னு மொத நாளே தெரிஞ்சிடுது. படியில எறங்கிப் போவேண்டியதுதானே? திரும்பத் திரும்ப அந்தப் பொண்ணு லிஃப்ட்லயே ஏறுது. எனக்குப் பேய் மேல பரிதாபமா போச்சு. அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?"

பல்லு புக்கு. ஒரு பொம்பளைக்கு உள்ளங்கையில பல்லு மொளைக்குது. அவ்ளோதான் கதை. "சின்ன புக்குதான். ஆனா எழுதுனது யாரோ, வெவரமான ஆளு. ரெண்டு நாளு ஸ்பூன்ல துன்னேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். எல்லாரும் படிச்சு நாசமா போங்க."

கண்ணாடி ஊரு புக்கு. நூறு வருசம் கழிச்சு எல்லாரும் பெரிய கண்ணாடி மூடிக்குள்ள இருக்கிறாங்க, தண்ணி கார்டு தேய்ச்சாத்தான் வருது. "தண்ணி கார்டு நம்புறேன். அது சீக்கிரம் வந்துடும், நூறு வருசம் எல்லாம் வாணாம். ஆனா அந்த ஊர்ல யாரும் பாத்திரம் கழுவ மாட்றாங்கப்பா. எல்லாரும் ஜன்னல் கிட்ட நின்னுனு யோசிக்கிறாங்க. நானும் ஜன்னல் கிட்ட நின்னா யோசிப்பேன்."

கடல் புக்கு. கடல் ஊருக்குள்ள வருது, ஹீரோ மூணு பக்கத்துக்கு அவன் அப்பாவை நெனைச்சுப் பாக்குறான். அந்த மெசேஜ்ல மட்டும் அக்கா குரல் மாறுச்சு. "சுனாமி அன்னிக்கு நாங்க யாரையும் நெனைக்கல. ஓடுனோம். அதை எழுத வேண்டியதுதானே. ஓடறப்ப கொடத்தை எதுக்குத் தூக்கினு ஓடுனேன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது, அதுல ஒரு சொட்டுத் தண்ணி கூட இல்ல." அந்தப் புக்கை எழுதுனவரு குரூப்லதான் இருந்தாரு. அன்னிக்கே லெஃப்ட் ஆயிட்டாரு. அக்காவுக்கு அது தெரியல. "யாரோ போயிட்டாங்க போல, நம்பர் மாத்திட்டாங்களா?" ன்னு கேட்டுச்சு.

இப்படி எதுக்கும் அசராத அக்காவைத்தான் ஒரு புக்கு சாய்ச்சிடுச்சு.

உப்பு வேலை மழையில கெடையாது. ஐப்பசி வந்தா பாத்தியெல்லாம் ஏரி மாதிரி நெறைஞ்சிடும், தை பொறந்துதான் திரும்ப எறங்க முடியும். நடுவுல அந்த மாசங்களுக்கு அக்கா வீட்டுக்காரரு பக்கிரி மாமா மெட்ராஸ்ல ஒரு அபார்ட்மென்ட்டுக்கு செக்யூரிட்டியாப் போவாரு. தை முடியறதுக்குள்ள ஓடி வந்துடுவாரு. வந்ததும் மொத வேலை பாத்தி மிதிக்கிறது. மழையில கொழகொழன்னு ஆன அடி மண்ணை வெறுங்கால்ல மிதிச்சு மிதிச்சு சிமெண்டுத் தரை மாதிரி ஆக்கணும், அப்பத்தான் உப்பு மண்ணு ஒட்டாம வெள்ளையா வெளையும். ஜோடி ஜோடியா எறங்கி மிதிப்பாங்க. மாமாவும் அக்காவும் எப்பவும் ஒரே ஜோடி. மாமா சும்மா மிதிக்க மாட்டாரு. டான்ஸ் மாஸ்டர் மாதிரி, "லெஃப்ட்டு... ரைட்டு... இடுப்பை ஆட்டாத, பாத்தி கோணிக்கும்" னு கத்துவாரு. "யோவ், சும்மா மிதிய்யா, மானம் போவுது" னு அக்கா திட்டும். சுத்தி இருக்கிறவங்க எல்லாம் சிரிப்பாங்க.

இந்த வருசம் மாமா வந்தாரு. ஆனா வந்தது மாமா மாதிரியே இல்ல.

பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே ஆளு பாதியா இருந்தாரு. சட்டை தோள்லேர்ந்து தொங்குது. கால்ல அந்த செக்யூரிட்டி கறுப்பு ஷூ.

"இன்னாயா இப்படி எளைச்சுட்ட?"

"அங்க சோறு சரியில்ல."

வீட்டுக்குள்ள வந்து சொம்பை எடுத்து மடக் மடக்குன்னு குடிச்சாரு. இன்னொரு சொம்பு. இன்னொண்ணு. அப்புறம் ஷூவோடயே கட்டில்ல படுத்துட்டாரு. பொறந்ததுலேர்ந்து செருப்பு கூட ஒழுங்கா போடாத மனுசன்.

அந்த வாரம்தான் கிருபா புதுசா ஒரு புக்கு குடுத்துச்சு. "அக்கா, இது கொஞ்சம் ஹெவி. பாத்துப் படிங்க." அக்கா சிரிச்சுட்டு வாங்கினு வந்துச்சு.

கதை ஒரு மலை ஊர்ல நடக்குது. புருசன் டவுனுக்கு வேலைக்குப் போறான். மாசக்கணக்கா ஆளைக் காணோம், அப்புறம் திரும்பி வர்றான். வந்தது அவன் இல்ல, அவன் ஒடம்பைச் சட்டை மாதிரி போட்டுனு வந்த வேற ஒண்ணு. பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியுது. அதுக்குத் தாகம் அடங்கவே அடங்காது. போட்டுனு வந்த ஒடம்பு கொஞ்சம் கொஞ்சமா சுருங்கினே வரும். செவுத்தைப் பாத்தே படுக்கும். மனுசன்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் காப்பி அடிச்சிடும், காலை மட்டும் அடிக்க வராது. அதனால காலை ஷூவுக்குள்ள மூடியே வெச்சிருக்கும். அப்புறம், உப்பைத் தாண்டாது.

அக்கா வேப்பமரத்தடியில குந்தினு அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு மெதுவா தலையைத் தூக்குச்சு. ஜன்னல் வழியா கட்டில் தெரிஞ்சுது. மாமா செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. ஷூவைக் கழட்டிட்டாரு, ஆனா கறுப்பு சாக்ஸ் அப்படியே இருந்துச்சு. கட்டிலுக்குக் கீழ காலி சொம்பு உருண்டு கெடந்துச்சு.

பக்கத்து வூட்டு மிக்ஸி ஓடினு இருந்துச்சு. வெயில் பளபளன்னு அடிச்சுது. அக்காவுக்குக் கையில மயிரெல்லாம் நட்டுக்குச்சு.

மொதல்ல அக்கா தன்னையே திட்டிக்குச்சு. லிஃப்ட் புக்கைக் கிழிச்சவ, இதுக்குப் போய் பயப்படுறாளான்னு. புக்கை மூடி அரிசி டிரம்முக்குப் பின்னாடி சொருகுச்சு. ஆனா மண்டைக்குள்ள மூட முடியலயே. "பாத்தி மிதிக்க எப்ப வர்ற?" ன்னு கேட்டா "நாளைக்கு" ன்னு சொல்றாரு. மறுநாளும் நாளைக்குத்தான். ஒரு தபா மட்டும் அக்காவுக்கு முன்னாடியே எழுந்து தனியா உப்பளத்துப் பக்கம் போயிட்டு வந்தாரு. வந்ததுலேர்ந்து பேச்சு சுத்தமா நின்னு போச்சு. குளிக்கிற ரூமுக்குள்ள போனா தாழ்ப்பாள் போட்டுக்கிறாரு, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போட்டதே இல்ல. கிட்டப் போனா மேல ஏதோ வாடை. சோப்பும் இல்ல, வேர்வையும் இல்ல.

ஜோடி இல்லாததால அக்கா அருக்காணியோட மிதிக்க ஆரம்பிச்சுச்சு. அருக்காணி அடுத்த பாத்திக்காரி, வாய் ஓயாது.

"உன் ஆளு இன்னா, மெட்ராஸ்ல ஆபீசர் ஆயிட்டாரா? அதோ பாரு, ஷூவைப் போட்டுனு வரப்பு மேல நிக்குறாரு, இன்ஸ்பெக்சன் வந்தாப்ல."

அக்கா திரும்பிப் பாத்துச்சு. தூரத்துல வரப்பு மேல மாமா, கையில டிபன் கேரியரோட. அப்பத்தான் சூரியன் மேல வந்திருக்குது, பாத்தித் தண்ணியெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. அந்த வெளிச்சத்துல அவரோட முட்டிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. பாதி ஆளு அந்தரத்துல நிக்குற மாதிரி இருந்துச்சு. எப்பவும் அவரு வரப்பு வழியா ஓடி வந்து, "ஏ அருக்காணி, உனக்கும் சேத்துத்தான் தோசை, வாயை மூடினு துன்னு" ன்னு சொல்லுவாரு. அன்னிக்கு அங்கேயே நின்னாரு. வரப்போரம், மூடி வெச்ச போன வருசத்துக் குவியல்லேர்ந்து உப்பு கொஞ்சம் சிந்திக் கெடந்துச்சு. அதைப் பாத்தாரு. கேரியரை அங்கேயே கீழ வெச்சாரு, கையைத் தூக்கிக் காமிச்சாரு, திரும்பிப் போயிட்டாரு.

"அருக்காணி," அக்கா மிதிக்கிறதை நிப்பாட்டிட்டுக் கேட்டுச்சு, "அவருக்கு கால் தெரியுதா உனக்கு?"

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. மிதி."

அந்த தோசையை அக்கா துன்னல. காக்காவுக்குப் போட்டுடுச்சு. காக்கா துன்னுச்சா செத்துச்சான்னு நின்னு பாத்துட்டுத்தான் வந்துச்சு.

அன்னிலேர்ந்து அக்கா அவரை 'ங்க' போட்டுப் பேச ஆரம்பிச்சுது. தெரிஞ்சு செய்யல. வாயிலேர்ந்து 'யோவ்' வரல, அவ்ளோதான். தெரியாத ஆளை எப்படி யோவ்னு கூப்புடறது?

"சாப்புடுறீங்களா?"

மாமா நிமிர்ந்து பாத்தாரு. "இன்னாடி, புதுசா ங்க போடுற?"

"சும்மாதாங்க."

அவரு அக்காவையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அந்தப் பார்வையில ஏதோ இருந்துச்சு. கண்டுபுடிச்சிட்டாளோன்னு ஒரு பார்வை. புக்குல அதே பார்வை இருக்குது. அக்காவுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

வெள்ளிக்கெழமை மத்தியானம். மாமா தூங்கினு இருந்தாரு. அக்கா ஷூவையும் செருப்பையும் எடுத்து மாட்டுத் தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுது. அடுப்பங்கரையில பெரிய பானையில எப்பவும் கல்லுப்பு இருக்கும், உப்பளத்துக்காரங்க வீட்ல உப்பை யாரு வாங்குறாங்க? ரெண்டு கையிலயும் அள்ளினு வந்து பின்வாசப்படி முழுக்கப் பட்டையா போட்டுது. தண்ணிக் கொடம் வெளிய வேப்பமரத்தடியில இருக்குது. உள்ள இருந்த சொம்புத் தண்ணியை ஊத்திட்டு வந்து அக்கா கொடத்துப் பக்கத்துல நின்னுக்குச்சு. தாகம் எடுத்தா வந்துதானே ஆகணும்.

ரொம்ப நேரம் ஆவல. கட்டில் கிறீச்சுன்னுச்சு. சாக்ஸ் கால் தரையில இழுக்குற சத்தம். ஒரு கால் அழுத்தமா, ஒரு கால் லேசா. கதவாண்ட வந்து நின்னாரு.

உப்பைப் பாத்தாரு. அக்காவைப் பாத்தாரு.

"இன்னாடி இது?"

"ஈரமா இருந்துச்சு. அதாங்க."

"தண்ணி குடு."

"வந்து எடுத்துக்கோங்க."

அவரு நாக்கால ஒதட்டைத் தடவினாரு. ஒரு காலைத் தூக்கினாரு, படிக்கு மேல வந்து அது நின்னு போச்சு. திரும்ப உள்ள வெச்சுட்டாரு.

"பெருக்குடி அதை."

"தாண்டி வாங்க."

"பெருக்குன்னு சொல்றேன்ல."

அந்தக் குரல் அக்காவுக்குத் தெரிஞ்ச குரல் இல்ல. கீச்சுன்னு, நடுங்கினு வந்துச்சு. கதவு சட்டத்தைப் புடிச்சிருந்த அவரு வெரலெல்லாம் வெளுத்துப் போச்சு. அவ்ளோதான். அக்கா ஓடிடுச்சு. கொல்லைப் படலைத் தள்ளினு, செருப்பில்லாம, ரோடு வரைக்கும். அங்க நின்னுதான் அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுச்சு. அதுக்குத்தான் குரூப்ல அத்தனை நெருப்பு எமோஜி.

கிருபா மட்டும் எமோஜி போட்டுட்டு அந்த மெசேஜை இன்னொரு தபா போட்டுக் கேட்டிருக்குது. மூச்சு சத்தம் சரியில்லன்னு தோணியிருக்குது. போன் போட்டுச்சு.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"ரோட்ல. கிருபா, அவரு உப்பைத் தாண்ட மாட்றாரும்மா. காலைக் காட்ட மாட்றாரு. தண்ணி தண்ணின்னு குடிக்கிறாரு. எல்லாம் புக்குல போட்டாப்லயே இருக்குது."

கிருபா வாயில வந்ததைக் கேட்டுச்சு. "உப்பைப் பாத்ததும் கத்துனாராக்கா? புக்குல அது கத்தும்ல, வீடே ஆடும்ல?"

அக்காவைத் தாண்டி லாரி ஒண்ணு காத்தடிச்சுனு போச்சு.

"இல்ல," ன்னுச்சு அக்கா. "கத்தல. அது... கிருபா, புக்குல வர்றது உப்பைப் பாத்தா கோவப்படுது. பயப்பட மாட்டேங்குது. அதுக்கு எதுக்குப் பயம்? அதைப் பாத்துத்தானே எல்லாரும் பயப்படுறாங்க." அக்கா குரல் லிஃப்ட் புக்கைத் திட்டுற குரலுக்குக் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. "இவரு பயந்தாரும்மா. என்னை விட பயந்தாரு. குரலெல்லாம் நடுங்குச்சு. இது ஒத்து வரலயே. இந்த எடம் ஒத்து வரலயே."

"அக்கா, நான் வரட்டா?"

"வா. வண்டி எடுத்துனு வா."

கிருபா ஸ்கூட்டியில வர்றதுக்கு முன்னாடியே அக்கா திரும்பி நடந்துடுச்சு. பயம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. போவல. படலைத் தொறக்குறப்ப கையில ஒரு கட்டையை எடுத்து வெச்சுக்குச்சு. ஆனாலும் அக்கா உள்ள போச்சு.

மாமா பின்வாசப்படியில குந்தினு இருந்தாரு. ஒரு சாக்ஸைக் கழட்டிப் போட்டிருந்தாரு. அந்த வாடை பின்வாசல் முழுக்க அடிச்சுது. வெறுங்காலை உப்பு மேல வெச்சு, ரெண்டு கையாலயும் முட்டியை அமுத்தினு இருந்தாரு. கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்துது, வாயிலேர்ந்து சத்தமே வரல.

கால் இருந்துச்சு. பெருவெரலுக்குக் கீழ, அகலமா ஒரு புண்ணு. சுத்தி வீங்கி, நடுவுல கறுத்துப் போய். உப்புக் கல்லெல்லாம் அதுக்குள்ள ஒட்டினு இருந்துச்சு.

"எரியல சூரியா," ன்னாரு. "உப்புல வெச்சிருக்கேன். எரியவே இல்ல."

அக்கா கையிலேர்ந்து கட்டை விழுந்துடுச்சு.

உப்பளத்துல பொறந்து வளந்தவங்களுக்கு இது போதும், வேற எதுவும் வெளக்க வாணாம். சின்னக் கீறல் இருந்தாலும் உப்புத் தண்ணி உசுரை எடுக்கும். மாமா மெட்ராஸ்ல புது ஷூ கடிச்சப்ப கண்டுக்கல, வலிக்கவே இல்லயே. அங்க ஒரு கேம்ப் போட்டு ரத்தம் எடுத்துப் பாத்து, சுகர் ஏகத்துக்கும் இருக்குது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருக்கிறாங்க. போவல. ஊருக்கு வந்ததும் ஒரு நாள் காலையில யாருக்கும் தெரியாம பாத்தியில போய் அந்தக் காலை வெச்சுப் பாத்திருக்கிறாரு. எரிஞ்சா நல்லா இருக்குது, ஆறிடும்னு அவரு கணக்கு. எரியல. அன்னிலேர்ந்து உப்பைக் கண்டாலே நடுக்கம். திரும்ப வெச்சுப் பாத்து திரும்பவும் எரியலன்னா?

"அண்ணனும் இதான் சொன்னான்," ன்னாரு. அவங்கண்ணன் கலியபெருமாள் கீழ்புத்துப்பட்டுல இருக்கிறாரு. சுகர்ல முட்டியோட கால் போயிடுச்சு, வருசக்கணக்கா கட்டில்லதான். "மொதல்ல எரியலன்னுதான் சொன்னான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்க. அப்புறம் கால் இல்லாம இட்டுனு வந்தாங்க. நான் வர மாட்டேன் சூரியா. என்னைத் தள்ளாத. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

அக்கா அவரு முன்னாடி உப்பு மேலயே குந்துச்சு. அந்தக் காலை மடியில எடுத்து வெச்சுக்குச்சு. சொம்பு சொம்பா தண்ணி ஊத்தி உப்பைக் கழுவிச்சு. பாதித் தண்ணி வெளியதான் போச்சு. பேய்க்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சுதாம். பேய்னா ஓடிடலாம். இதை விட்டுட்டு எங்க ஓடுறது?

"யோவ்," ன்னுச்சு.

மாமா நிமிர்ந்து பாத்தாரு.

"எழுந்திருய்யா. கிருபா வண்டியோட வருது."

"சூரியா, வாணாம்..."

"நீ பேயாப் போயிட்டன்னு நெனைச்சு உன்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு பொண்ணு வீட்டுக்கு ஓட இருந்தேன் தெரியுமா. தோசையைக் காக்காவுக்குப் போட்டேன். இதுக்கு மேல என்னைப் பயமுறுத்தாத. எழுந்திரு."

"பேயா?" அந்த நெலமையிலயும் அவரு மூஞ்சி சிரிக்கிற மாதிரி ஆச்சு. "நானா?"

"ஆமா. நீதான். எழுந்திரு."

கிருபா முன்னாடி, மாமா நடுவுல, அவரைப் புடிச்சுனு அக்கா பின்னாடி. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்படித்தான் போனாங்க, அங்கேர்ந்து பாண்டிக்கு பஸ். வழி முழுக்க மாமா அக்கா முந்தானையை விடல. ஆஸ்பத்திரியில காலைப் பாத்த டாக்டரம்மா, "எப்படி இவ்ளோ நாள் வீட்ல யாரும் பாக்கல?" ன்னு கேட்டாங்க. அக்கா தலையைக் குனிஞ்சுக்குச்சு. பாக்க விடலன்னு சொல்லலாம். பாக்க பயந்தேன்னும் சொல்லலாம். ரெண்டும் நெசந்தான்.

பெருவெரல் போச்சு. பக்கத்து வெரலும் போயிடுமோன்னு நாள் கணக்கா சொல்லினே இருந்தாங்க. கட்டு பிரிக்கிற ஒவ்வொரு தபாவும் மாமா கண்ணை மூடிப்பாரு, அக்கா கண்ணைத் தொறந்து வெச்சுக்கும். கால் தங்கிடுச்சு.

வார்டுல இருக்கிறப்ப கிருபா வந்து பாத்துச்சு. பழத்தோட அந்தப் புக்கையும் எடுத்துனு வந்துச்சு, அரிசி டிரம்முக்குப் பின்னாடி கெடந்ததை அக்காதான் எடுத்துனு வரச் சொல்லியிருந்துச்சு. கடைசி பாகம் பாக்கி. மாமா தூங்குறாருன்னு நெனைச்சு அக்கா முணுமுணுன்னு வாய் விட்டுப் படிச்சுது. பொண்டாட்டி வெளிய போய் கதவைச் சாத்தி, நாலு பக்கமும் உப்பைக் கொட்டிட்டு, திரும்பிப் பாக்காம மலையை விட்டு எறங்கிப் போயிடுறா. உள்ளேர்ந்து அது அவ பேரைச் சொல்லிக் கூப்புட்டுனே இருக்குது. முடிஞ்சுது.

"அவ செஞ்சது சரியா?" மாமா கண்ணை மூடினு கேட்டாரு.

அக்கா வராண்டாவுக்குப் போய் போனை எடுத்துச்சு.

"ஹலோ... போவுதா? செவப்பா ஓடுது. ம்." இருமல். "அந்தத் திரும்பி வந்தவன் புக்கு. வாங்காதீங்கன்னு சொன்னேன்ல, வாங்குங்க. இவ்ளோ பயமா எவனும் எழுதுனதில்ல, என் ஆயுசுல. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்டாட்டி மொத பக்கத்துலேர்ந்து அவனுக்குக் கால் இருக்குதா இல்லயான்னு பயப்படுறா. கடைசி வரைக்கும் பயப்படுறா. ஒரு தபா அந்த ஷூவைக் கழட்டிப் பாத்திருக்கலாம்ல? பாத்திருந்தா கதை சின்னதா போயிருக்கும், அது தெரியுது. ஆனாலும் பாத்திருக்கணும். இருந்தது அவனாவே இருந்திருந்தா? அவதான் போயிட்டாளே. யாரு பாக்குறது இனிமே? அவ்ளோதான். கட் பண்றேன்."

அந்த மெசேஜுக்கு யாரும் எமோஜி போடல. கிருபா சொல்லித்தான் நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்சுது. அப்புறம் ஒவ்வொருத்தரா, மாமா எப்படி இருக்கிறாருன்னு கேட்டாங்க.

இப்ப சீசன் ஓடுது. மாமா பாத்தியில எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, வரப்பு மேல நின்னுனு அக்காவையும் அருக்காணியையும் "லெஃப்ட்டு, ரைட்டு" ன்னு வெரட்டுறதோட சரி. அக்கா வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி தெனமும் ஒரு சடங்கு நடக்கும். மாமா கட்டில்ல காலை நீட்டிக் கண்ணை மூடிப்பாரு. அக்கா ஒரு தொடைப்பக் குச்சியை எடுத்து உள்ளங்கால்ல மெதுவா ஒவ்வொரு எடமா தொடும். தொட்டா உணர்ச்சி தெரியுதான்னு அவரு சொல்லணும்.

"தெரியுது."

குதிகால்.

"தெரியுது."

பெருவெரல் இருந்த எடத்துக்குப் பக்கத்துல.

"தெரியுது," ன்னாரு மாமா, கண்ணை இறுக்கி மூடினு.

அக்கா கையில குச்சி அப்படியே நின்னுச்சு.

"யோவ்," ன்னுச்சு மெதுவா. "நான் இன்னும் தொடலய்யா."